வற்றுநீரில் வந்தவை

செருப்பு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. தண்ணீரோ கரையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கெலுகோரில், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், யாரும் படகு கட்டாமல் விட்டுவிட்ட பழைய பலகை ஜெட்டியின் படியில் உட்கார்ந்தபடி பெர்னார்ட் அதைப் பார்த்தான். புகைமூட்டக் காலம். சில நாளாகவே சூரியன் அணையப்போகும் அடுப்புக் கரி மாதிரிதான் தெரிந்தது. கடலுக்குக் குறுக்கே போகும் பாலம் பாதி தூரம் வரை இருந்தது, மீதி இல்லை. எங்கோ எரிந்த காட்டின் வாடையும், காலடியில் சேற்றின் அழுகல் வாடையும், அலையாத்தி வேர்களுக்குள் நண்டுகள் எழுப்பும் டிக் டிக் சத்தமும், பாலத்தின் மேல் ஓயாமல் ஓடும் வண்டிகளின் இரைச்சலும் ஒன்றாகக் குழைந்து அந்த அந்தியில் கனமான போர்வையாக அவன் மேல் கிடந்தன. நீர் வற்றும் நேரம். இலை, நுரை, பிளாஸ்டிக் புட்டி, யாரோ கடலில் விட்ட பூமாலை என்று மிதப்பவையெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அந்த நீலச் செருப்பு மட்டும், விரல் பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் உள்ளே வந்தது.

நீருக்கு மேலே தெரிந்த கடைசிப் படியருகே வந்து நின்றது. மோதவில்லை, சும்மா நின்றது. பெர்னார்ட் குனிந்து எடுத்தான். அறுந்த வாரைத் தூண்டில் நரம்பால் தைத்திருந்தது. தைத்தவன் அவன் தம்பி டெரிக். தெருவில் போட்டுக்கொண்டு நடக்கவே கூச்சப்பட வேண்டிய செருப்பு. ஆனால் மீன் பிடிக்கப் போகும்போது அதைத்தான் போடுவான். அதுதான் ராசியாம்.

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்தது. பெர்னார்ட் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். பயம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டெரிக் காணாமல் போனது சென்ற மாதம். ஒரு மாலை இதே ஜெட்டிக்குத் தனியாக வந்தான். மோட்டார் சைக்கிள் இருந்தது, தூண்டில் கோல் இருந்தது, இறால் வாளியில் காற்று பம்ப் கூட ஓடிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் இல்லை. பொம்பா தீயணைப்புக்காரர்கள் படகில் வந்து, முத்துக்குளிப்பவர்கள் போல மூழ்கி மூழ்கித் தேடினார்கள். பிறகு தேடுவது நின்றது. உடல் இல்லாவிட்டாலும் பூசை வைக்கலாம் என்று பாதிரியார் சொல்லிப் பார்த்தார். தாய் மார்த்தா காது கொடுக்கவில்லை.

"ஒரு எலும்பாச்சும் கொண்டாய்யா. வெறும் சட்டைய பெட்டியில வச்சு மூட மாட்டேன். அப்பா பக்கத்துல எடம் இருக்கு. அவன் அங்கதான் படுக்கணும்."

அதற்காகத்தான் பெர்னார்ட் தினமும் வந்தான். தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட் முடிந்ததும், கனமான ஈயக்குண்டும் மும்முனை முள்ளும் கட்டிய கோலைத் தூக்கிக்கொண்டு வந்து, வீசி, அடிமட்டத்தை உழுது இழுப்பான். கந்தல் வலை வரும், டயர் வரும், ஒருமுறை குழந்தையின் நடைவண்டி வந்தது. அவனுக்கு இந்தக் கடல் புதிதல்ல. எந்தப் பள்ளத்தில் சியாக்காப் மீன் படுக்கும், எந்தக் காற்றுக்குத் திருக்கை கரை ஒதுங்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் இருநூறு தூண்டில்காரர்களுக்குக் குரல் பதிவில் சொல்லித் தருகிறவன் அவன். அந்தக் குழுவில் பொய் சொல்லாதவன் என்று பெயரெடுத்திருந்தான். தூண்டில்காரர்களிடையே இது சாதாரணப் பெயர் இல்லை. அங்கே மீன் பிடிபட்ட பிறகுதான் நன்றாக வளரும்.

மார்த்தா செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. பெர்னார்ட் அதற்காகவே மறுநாளும் ஓடினான்.

மறுநாள் தொப்பி வந்தது. அதே நேரம், பாங்குக்குச் சற்று முன்னால். அதை எடுக்கக் கணுக்கால் நனைய ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் கைக்கடிகாரம்.

கடிகாரம் மிதக்காது. இரும்பு மிதக்காது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தண்ணீருக்குள், பாசி படிந்த படியின் மேல், முகப்பு மேலே தெரிய, யாரோ மேசையில் கழற்றி வைத்ததுபோல அது இருந்தது. பெர்னார்ட் முழங்கால் வரை இறங்கி எடுத்தான். சேறு இல்லை, சிப்பி ஒட்டவில்லை. கையில் வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. கடல்நீரின் சூடு இல்லை அது. அப்போதுதான் ஒரு மணிக்கட்டிலிருந்து இறங்கிய சூடு.

இதை அவன் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டான்.

"சூடா இருந்துச்சா?" மார்த்தா கடிகாரத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். "பொணத்து கையில கெடந்த வாச்சு சூடா இருக்குமாய்யா? உயிரோட இருக்கான். எங்கயோ மாட்டிக்கிட்டு, வர முடியாம, ஒன்னு ஒன்னா அனுப்புறான்."

"அப்படி எல்லாம் இல்லம்மா."

"நாளைக்கு நானும் வர்றேன். எந்த எடம்? எத்தன மணிக்கு?"

"முட்டி வலிய வச்சிக்கிட்டு எங்க வர்றீங்க? படியெல்லாம் பாசிம்மா. பாங்கு சொல்ற நேரம் வருது. வந்தா நான் எடுத்துட்டு வர்றேன்." இடத்தையும் நேரத்தையும் அவனே சொல்லிக் கொடுத்தான். ஆசையில் வாய் முந்திக்கொண்டது.

அவனுக்கும் ஆசை வந்துவிட்டது என்பதுதான் உண்மை. எலும்பு தேடிப் போனவன் இப்போது தம்பியைத் தேடினான். வேலை செய்யும்போது கைகள் தாமாக நின்றுவிடும். ஜன்னல் வெளிச்சம் மங்க ஆரம்பித்தால் கால்கள் தரையில் நிலைக்காது. மேற்பார்வையாளர் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை கேட்டபோது, இத்தனை வருடத்தில் முதல் முறையாக முடியாது என்றான்.

சிக்கந்தர் அவனைத் தேடி வந்தது அப்போதுதான். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இருவரும் பல வருடம் ஒன்றாகத் தூண்டில் போட்டவர்கள். குழுவில் பெர்னார்டின் குரலே கேட்கவில்லை என்று கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஜெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லி உன்னை வீட்டுக்கு இழுத்துட்டுப் போவலாம்னுதான் வந்தேன்," என்றார். "நீ என்னான்னா அரளவே மாட்டேங்குற. அதுதான் லா எனக்குப் பயமா இருக்கு."

"சாமான் அவனோடதுதான் பாய். தையலப் பாத்தேன்."

"அவனோடதா இருக்கட்டும். தண்ணி தெனமும் பிந்திப் பிந்தித்தானே வத்தும், பிந்திப் பிந்தித்தானே ஏறும்? குரூப்புல நீயே எத்தன தடவ சொல்லிருக்கே. செருப்பு வத்தத்துல வந்துச்சு. இன்னிக்கு இந்நேரத்துக்குத் தண்ணி ஏறுது பாரு. வத்தத்துலயும் வருது, ஏத்தத்துலயும் வருது, ஒரே நேரத்துக்கு வருது. கடலு என்னா ஃபேக்டரி மாதிரி ஷிஃப்டா பாக்குது?"

கீழே தண்ணீர் பலகைக் கால்களை நக்கிக்கொண்டிருந்தது. அன்று பாங்கு ஒலித்து ஓய்ந்தது, எதுவும் வரவில்லை. சிக்கந்தர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "வாய்யா, கடையில வந்து ஒரு வாய் சாப்பிடு," என்றார். அவன் வரவில்லை. அவர் மோட்டார் சைக்கிளின் சத்தம் அடுக்குமாடிகளைத் தாண்டி, சாலையோடு கலந்து, இல்லாமல் போனது.

நண்டுகளின் டிக் டிக் நின்றது.

அவன் அதை அப்போதுதான் கவனித்தான். தினமும் அந்த நேரத்தில் நண்டுகள் அடங்கிவிடுகின்றன. காற்றும். தண்ணீருக்குள் ஐந்தாம் படியில் ஏதோ மின்னியது. தொடை வரை இறங்கி எடுத்தான். டெரிக் கழுத்தில் போட்டிருந்த மாதா பதக்கம். சங்கிலி அறுந்திருக்கவில்லை. கொக்கியைப் பொறுமையாகக் கழற்றி, மறுபடி மாட்டி வைத்திருந்தது. ஆள் இருந்தபோது வராதது, ஆள் போனதும் வந்திருக்கிறது.

அந்த எண்ணம் அவனுக்குள் வந்து, உட்கார இடம் கிடைக்காமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, பதக்கத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நனைந்த காற்சட்டையோடே சமையலறையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தான். குழுவில் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்கள் ஒருவன் போட்ட மீன் படத்தை அவலாக்கி மென்றுகொண்டிருந்தார்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஜெயராஜ் என்ற புதுப் பையன் அவனிடம் கேட்டிருந்தான்: அண்ணே, பாலத்துக்குக் கீழ பெரிய சியாக்காப் இருக்காமே, என்ன போட்டும் கடிக்க மாட்டேங்குது, ஒரு டிப்ஸ் குடுங்க. மனம் வேறெங்காவது போகட்டும் என்று பெர்னார்ட் பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினான். பல முறை சொன்ன பாடம்தான்.

"பெரிய மீனு சந்தேகக்காரன் தம்பி. மொத நாளே முள்ள எறக்கிறாதே. சும்மா இரை தூவு. தெனமும் ஒரே எடம், ஒரே நேரம். முள்ளு இருக்கக்கூடாது, தின்னுட்டுப் போவட்டும். பக்கத்துல கூட்டம் இருந்தா அன்னிக்குத் தூவாதே, மெரண்டுரும். கூட்டம் போனப்புறம் போடு. தெனம் கொஞ்சம் கொஞ்சமா உனக்குத் தோதான பக்கமா தள்ளித் தள்ளிப் போடு. அது பின்னாலயே வரும். அப்புறம் பாரு, நேரம் ஆச்சுன்னா தானா வந்து காத்துக்கிட்டு நிக்கும். நல்லாப் பழகிருச்சுன்னு தெரிஞ்சா, கடைசி நாளு..."

பேச்சு நின்றது. கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்டது. காற்சட்டையிலிருந்து தரையில் நீர் சொட்டும் சத்தம் கேட்டது.

விரல் நழுவியது. பதிவு போய்விட்டது.

முதல் படி. கணுக்கால். முழங்கால். தொடை. அவன் தன் காலைப் பார்த்தான். தொடை வரை ஈரத்தின் கோடு நேராக, யாரோ அடையாளம் வைத்ததுபோல இருந்தது. பாதங்கள் நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஷிஃப்ட் முடிந்ததும் ஓடிய ஓட்டம். கூடுதல் வேலையை வேண்டாம் என்றது. நேரமானால் தானாகப் போய் நின்றது.

கைப்பேசி அதிர்ந்தது. ஜெயராஜ்.

கடைசி நாளு என்னா போடணும்ணே?

பதில் அவனுக்குத் தெரியும். உயிர் இரை. இறாலோ சின்ன மீனோ, கொல்லாமல், முதுகுத் தோலில் மட்டும் முள்ளை ஏற்றி விட வேண்டும். அது நீந்த வேண்டும், துடிக்க வேண்டும். செத்ததைப் பெரிய மீன் திரும்பியும் பார்க்காது. பெர்னார்ட் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் அவன் போகவில்லை. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தான். கதவைத் தாழிட்டான், ஜன்னல்களைச் சாத்தினான், தூண்டில் கோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். சனிக்கிழமை அம்மாவைப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு அழைத்துப் போய், அங்கேயே உறவுக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவிட வேண்டும். எலும்பு வேண்டாம், எதுவும் வேண்டாம், வெறும் சட்டையைப் புதைத்தால் போதும் என்று அவள் காலில் விழுந்தாவது சொல்ல வேண்டும். குளித்துவிட்டு வந்தபோது மார்த்தாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கைப்பேசியில் அவள் தினமும் போடும் ஜெபமாலைப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபம் முடியட்டும், பிறகு பேசலாம் என்று கூடத்தில் உட்கார்ந்தான். குளித்த உடம்பு மறுபடி வியர்த்தது. கால்கள் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தன. இரண்டையும் பிடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பாங்கு ஒலித்தது. மூடிய ஜன்னலுக்குள்ளும் அது வந்தது. உடம்பு முழுவதும் எழுந்திரு என்றது. அவன் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபத்தைக் கேட்டான்.

அருள் நிறைந்த மரியே வாழ்க. பதிவில் இருக்கும் பெண் முதல் பாதியைச் சொல்வாள். பிறகு சற்று இடைவெளி விடுவாள். அந்த இடைவெளியில் மார்த்தா தன் கரகரத்த குரலில் மறுபாதியைச் சொல்வாள். ஒவ்வொரு மாலையும் அப்படித்தான்.

இடைவெளி வந்தது. யாரும் சொல்லவில்லை.

மறுபடி முதல் பாதி. மறுபடி இடைவெளி.

"அம்மா?"

கதவைத் தள்ளினான். கட்டிலில் கைப்பேசி மட்டும் கிடந்தது. படத்துக்குக் கீழே செருப்பு இல்லை, தொப்பி இல்லை, கடிகாரமும் பதக்கமும் இல்லை. பிள்ளைக்குப் போட்டுவிட எடுத்துப் போயிருக்கிறாள். அவன் குளித்துக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் தாழைத் திறந்திருக்க வேண்டும். மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் விழுந்து எழுந்து ஓடினான். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், காதில் ஏறவில்லை. அவனைப் பழக்கிய அதே கை அவன் தாயையும் பழக்கியிருக்கிறது. வீட்டுக்குள் இருந்தபடியே பழகியிருக்கிறாள். அவன் கையால் எடுத்துக் கொண்டுபோய் ஊட்டியிருக்கிறான்.

ஜெட்டி. புகை. நண்டுச் சத்தம் இல்லை.

மார்த்தா தண்ணீரில் இருந்தாள். கடைசிப் படியில், இடுப்பு வரை. நைட்டி அவளைச் சுற்றி உப்பி மிதந்தது. அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் டெரிக் நின்றான்.

நின்றான். அங்கே நிற்பதற்குத் தரை இல்லை. படிக்கு அப்பால் இரண்டு ஆள் ஆழம். பெர்னார்டின் ஈயக்குண்டு எத்தனையோ முறை அளந்த ஆழம். ஆனாலும் இடுப்புக்கு மேல் டெரிக் தெரிந்தான். மஞ்சள் பனியன், காணாமல் போன அன்று போட்டிருந்தது. முன்பக்கம் மார்போடு ஒட்டிக் கிடந்தது. முதுகுப் பக்கம், தோள்களுக்கு நடுவே, துணியும் தோலும் சேர்ந்து கூம்பாக மேலே தூக்கி நின்றன. அதற்கு மேலே எதுவும் இல்லை. வெறும் புகை. சற்றைக்கொரு தடவை அவன் உடம்பு மொத்தமாக ஒரு சாண் பின்னால் போனது. திரும்பி வந்தது.

அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். விலா எலும்புகள் ஏறி இறங்கின.

"பெர்னா, வந்துட்டியா? தம்பியப் பாருய்யா, எப்படி எளச்சுப் போயிட்டான்!" மார்த்தா அழுதுகொண்டே சிரித்தாள். "வாடா கண்ணு. வீட்டுக்குப் போலாம் வா."

"அம்மா, தொடாதீங்க! மேல வாங்கம்மா!"

"பெத்தவ எப்படிய்யா தொடாம இருப்பேன்?"

டெரிக் தாயைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். அந்தக் கண்கள் டெரிக்கின் கண்கள்தான், வேறு எதனுடையதும் அல்ல. அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை, தண்ணீர் வந்தது. இரண்டு கைகளையும் தூக்கித் தாயின் மார்பில் வைத்துத் தள்ளினான். வலுவே இல்லாத தள்ளல். போ. போ. மார்த்தா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து முத்தமிட்டாள். தன் விரல்களை அவன் விரல்களோடு கோத்துக்கொண்டாள்.

பெர்னார்ட் பாய்ந்து தாயின் இடுப்பைக் கட்டினான்.

இழுப்பு வந்தது. பெரியதில்லை. சட்டென்று பிடுங்கவில்லை. மெதுவாக ஒரு முழம். பிறகு தளர்ந்தது, அவர்கள் ஒரு முழம் பின்னால் வர விட்டது. மறுபடி இழுத்தது. அவசரமே தெரியாத கை. மீன் களைக்கும்வரை விட்டுப் பிடிக்கும் கை. அதைப் பெர்னார்டுக்கு நன்றாகத் தெரியும்; அதோடு இழுபறி செய்து ஜெயித்த மீனை அவன் பார்த்ததில்லை. குதிகால் பாசியில் வழுக்கியது. ஒரு படி போனது. கைகளை விட்டுவிடலாம். விட்டால் தான் ஒருவனாவது கரையேறலாம். அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஆனால் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மனம் விடச் சொன்ன நேரத்தில் கைகள் தாயின் இடுப்பை இன்னும் இறுக்கிக்கொண்டன.

தண்ணீர் மார்புக்கு வந்தது. காலுக்குக் கீழே படி இல்லை.

டெரிக்குக்குப் பின்னால், பாலத்தின் பக்கம், புகைக்குள் கண் போகும் தூரம் வரை கடலில் ஓர் அலை இல்லை. அடியில் ஏதோ மிகப் பெரியது மேலெழுந்து நிற்பதுபோல நீர் வழவழவென்று லேசாக உயர்ந்திருந்தது. மூன்று பேரும் அதை நோக்கிச் சிறிது போனார்கள், சிறிது வந்தார்கள், மறுபடி சிறிது போனார்கள். "இந்தா வந்துட்டேன்யா, அம்மா இருக்கேன்யா," என்று மார்த்தா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் தோளுக்கு மேலே பெர்னார்டுக்குத் தம்பியின் முகம் தெரிந்தது. முதுகுத் தோல் இழுபட, முடிந்த மட்டும் டெரிக் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டிருந்தான். தாயின் விரல்களுக்குள் சிக்கிய கைகளால் இன்னமும் அவளைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான்.